‘ம்’ கொட்டும் அப்பா

கம்பெனியிலிருந்து வந்ததும் அப்பாவுக்கு யாராவது பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருக்க வேண்டும். கைகால் கழுவி, யூனிஃபார்ம் சட்டையை ஆணியில் மாட்டிவிட்டு, வெறும் சிமெண்ட் தரையில் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடிக்கொள்வார். "ம், சொல்லு" என்பார். அம்மா கீரை ஆய்ந்துகொண்டே அன்றைக்கு நடந்ததையெல்லாம் சொல்லுவாள். தண்ணீர் வராதது, பக்கத்து வீட்டுக்காரி துணிக் கொடியைப் பிடித்துக்கொண்டது, ரேஷன் கடையில் யார் யாரைத் திட்டினார்கள் என்பது. அப்பா ‘ம்’ கொட்டிக்கொண்டே இருப்பார். கொஞ்ச நேரத்தில் அவருடைய நெற்றிச் சுருக்கம் போய்விடும். தோள் தரையில் இறங்கிவிடும். அதற்கப்புறம்தான் சோறு. வீட்டில் டிவி உண்டு. அந்த நேரத்தில் போடக்கூடாது. "டிவி எனக்கா பேசுது? ஊருக்கே பேசுது" என்பார்.

அம்மா கல்லாவிக்குப் போயிருக்கிறாள். பெரியம்மாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். அதனால் இந்த வாரம் பேசுவது என் வேலை. நான் ப்ளஸ் ஒன் படிக்கிறேன். அம்மா அளவுக்கு எனக்குப் பேச வராது. ஸ்கூலில் நடந்ததைச் சொல்வேன். தீர்ந்துபோனால் கெமிஸ்ட்ரி பாடத்தையே கதை மாதிரி சொல்வேன். அதற்கும் ‘ம்’ கொட்டுவார். எனக்கு அது பிடித்திருந்தது. என் பேச்சை இவ்வளவு நேரம் கேட்கிற ஆள் வேறு யாரும் கிடையாது.

நாங்கள் சூளகிரியில் ஒரு லைன் வீட்டில் இருக்கிறோம். அப்பா வேலை செய்வது ஒரு பிரஸ் கம்பெனி. வண்டிகளுக்கான தகடுகளை அடித்து வடிவமாக்குகிற இடம். அடிக்கிற அச்சை ‘டை’ என்பார்கள். ஒவ்வொன்றும் ஒரு எருமை அளவு இருக்குமாம். அதைக் கிரேனில் தூக்கிக்கொண்டுபோய் பிரஸ்ஸில் உட்காரவைப்பதுதான் அப்பா வேலை. கையில் ரிமோட் வைத்துக்கொண்டு இந்தப் பக்கம் அப்பா நிற்பார். அந்தப் பக்கம் ஒரு ஆள் நின்று டையைக் கையால் பிடித்துத் திருப்பி நேராக்குவார். நடுவில் டை தொங்கும். ஒருத்தருக்கு ஒருத்தர் தெரியாது. அங்கே தமிழ், தெலுங்கு, கன்னடம், ஹிந்தி என்று ஆளுக்கொரு பாஷை, அதனால் எல்லாருக்கும் பொதுவாக விசில். ஒரு விசில் ஊதினால் நிறுத்து. இரண்டு என்றால் தூக்கு. மூன்று என்றால் இறக்கு. இதையெல்லாம் அப்பாதான் எனக்குச் சொல்லியிருக்கிறார்.

இன்றைக்கு அப்பா வந்தபோதே முகம் சரியில்லை. டீயை வாங்கிக் கீழே வைத்தார், குடிக்கவில்லை. கைகழுவப் போனவர் குழாயைத் திறந்துவிட்டு அப்படியே நின்றுகொண்டிருந்தார். நான்தான் போய் மூடினேன்.

"என்னாப்பா?"

"ஒண்ணுமில்ல கண்ணு. தலவலி. நீ பேசு."

படுத்துக்கொண்டார். குக்கரை அடுப்பில் ஏற்றிவிட்டு வந்து நான் ஆரம்பித்தேன். எங்கள் பஸ்ஸில் கெலமங்கலத்துப் பெண் ஒருத்தி கண்டக்டரிடம் சண்டை போட்டதைச் சொன்னேன். "ம்… ம்…" ஆனால் தோள் இறங்கவில்லை. வயிற்றின் மேல் வைத்திருந்த விரல்கள் ஒன்றையொன்று பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தன.

கதவுத் தாழ்ப்பாள் கிண்கிண் என்று ஆடியது. பக்கத்து வீட்டு விமல்ராஜ் அண்ணா நின்றிருந்தார். அப்பா டையைத் தூக்கும்போது அந்தப் பக்கம் நிற்கிற ஆள் அவர்தான். கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகிறது, அந்த அக்கா மாசமாக இருக்கிறாள். உள்ளே வரச் சொல்வதற்குள் உதட்டில் விரல் வைத்து, என்னை மட்டும் வெளியே வரும்படி கைகாட்டினார்.

"அப்பா, பக்கத்து வீட்டக்கா கூப்பிடுது. ரெண்டு விசில் வந்தா அடுப்ப நிறுத்திடு" என்றேன்.

"ம்" என்றார் அப்பா.

தண்ணீர் டேங்கு ஓரம் விமல் அண்ணா நின்றிருந்தார். இடது கால் ஷூவைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். முனையில் இருக்கிற இரும்புத் தொப்பி பப்படம் மாதிரி ஒரு பக்கம் அமுங்கிப்போயிருந்தது.

"பாரு. பூட்ஸ் செத்துச்சு, காலு பொழச்சுச்சு" என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. கட்டைவிரல் நகம் கருநீலமாக இருந்தது.

"எப்படிண்ணா?"

"உங்கப்பா டைய இறக்கினாரு. எங்காலு உள்ள இருந்திச்சு. ஊதினேன். நிக்கல. மறுபடி ஊதினேன். மூச்சு முட்ட ஊதினேன் பிரவீனா. அது பாட்டுக்கு இறங்கிட்டே வருது. கடைசில கையில இருந்த ஸ்பேனர டை மேல விட்டு அடிச்சேன். அந்த ‘தொம்’ன்ற சத்தத்துக்குத்தான் நிறுத்தினாரு."

நான் அமுங்கிய இரும்பைத் தடவிப் பார்த்தேன்.

"சூப்பர்வைசர் வந்து கேட்டான். நான்தான் லேட்டா ஊதிட்டேன்னு சொல்லிட்டேன். ஆனா ஊதினேன். அந்த ஷெட்டுல இருக்கற அத்தனபேரும் கேட்டாங்க." குரலைத் தாழ்த்தினார். "உங்கப்பாவுக்குக் காது கேக்கலயா?"

"அதெல்லாம் கேக்கும்ணா. நாங்க பேசறதெல்லாம் கேக்கும்" என்றேன். கொஞ்சம் கோபமாகவே சொன்னேன்.

அப்போது உள்ளே குக்கர் விசிலடித்தது. தெருவுக்கே கேட்கிற விசில். நாங்கள் இருவரும் கதவைப் பார்த்தோம். இன்னொன்று அடித்தது. அப்பா அடுப்பிலிருந்து ஒரு கை தூரத்தில்தான் படுத்திருக்கிறார். மூன்றாவது அடித்தது. விமல் அண்ணா கதவைப் பார்ப்பதை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார். அடுத்ததும் அடித்தது. உள்ளே யாரும் எழுந்த சத்தமில்லை. எதிர் வீட்டம்மாள் எட்டிப் பார்த்து, "ஏம்புள்ள, அரிசியக் கொல்லப் போறியா?" என்றாள்.

நான் ஓடிப்போய் அடுப்பை அணைத்தேன். கண் திறக்காமலே அப்பா "ம்" என்றார்.

திரும்பி வந்தபோது விமல் அண்ணா ஷூவை மாட்டிக்கொண்டிருந்தார்.

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். எனக்கு வேல கத்துக்குடுத்ததே அவருதான். ஆனா என்னால இனி அங்க நிக்க முடியாது பிரவீனா. எனக்குப் பயம். வேற லைன் கேட்டு வாங்கிட்டேன். நாளைக்கு நான் அங்க இல்ல."

"அப்ப நாளைக்கு அந்தப் பக்கம் யாருண்ணா நிப்பாங்க?"

அவர் குனிந்து ஷூக் கயிற்றை இழுத்துக் கட்டினார்.

"ஒடிசாக்காரரு ஒருத்தரு. போன வாரம்தான் வந்தாரு. தமிழ் ஒரு வார்த்த தெரியாது. விசில் மட்டும் சொல்லிக்குடுத்திருக்காங்க."

"அவர்கிட்ட சொல்லுங்கண்ணா."

"என்னான்னு சொல்றது? கிரேன்காரருக்குக் காது கேக்காதுன்னா? அடுத்த நிமிஷம் உங்கப்பா கேட்டுக்கு வெளிய. நீயே சொல்லு, சொல்லட்டுமா?"

நான் சொல்லுங்கள் என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவர் நொண்டிக்கொண்டே போய்விட்டார்.

உள்ளே வந்து அப்பா பக்கத்தில் உட்கார்ந்தேன். அடிப்பிடித்த வாசனை வீடு முழுக்க இருந்தது. அவர் கண்ணை மூடியபடியே "ம், சொல்லு" என்றார்.

எப்போதும் பேசுகிற குரலிலேயே, "அப்பா, நான் கணக்குல ஃபெயில்" என்றேன்.

"ம்."

"அப்பா, நம்ம வீடு பத்தி எரியுது."

"ம்… ம்."

"அப்பா, அம்மா செத்துட்டா."

"ம்" என்றார். அவர் தோள் அப்போதுதான் கொஞ்சம் இறங்கியது.

இந்த வாரம் முழுக்க நான் யாரிடம் பேசிக்கொண்டிருந்தேன்? யோசித்தால் எல்லாம் வரிசையாக வருகிறது. போன் அடித்தால் நான்தான் எடுத்துக்கொண்டுபோய்க் கொடுப்பேன். களைப்பு என்று நினைத்தேன். ரோட்டில் லாரி வந்தால் திரும்பிப் பார்ப்பார், சைக்கிள் பெல்லுக்குத் திரும்ப மாட்டார். ஆம்பளைகள் பேசினால் பதில் சொல்வார். நானும் அம்மாவும் பேசினால் எங்கள் முகத்தையே பார்ப்பார். பாசம் என்று நினைத்தேன். உதட்டைப் பார்த்திருக்கிறார். கண்ணை மூடிக்கொண்டால் அதுவும் கிடையாது. எங்கள் குரல் ஏதோ இரைச்சலாக மட்டும் விழும்போல. அது நிற்கிற இடத்தில் எல்லாம் ஒரு ‘ம்’.

தோளைத் தொட்டேன். கண்ணைத் திறந்தார். என் முகத்தைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தார்.

"விமல் அண்ணா வந்திருந்தாரு" என்றேன். குரலைக் கட்டையாக்கி, மெதுவாகச் சொன்னேன்.

அப்பா கதவைப் பார்த்தார். பிறகு குக்கரைப் பார்த்தார். அடிப்பிடித்த வாசனையை மூக்கால் இழுத்துப் பார்த்தார். எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்கும் தெரிந்துவிட்டது.

"எவ்ளோ நாளாப்பா?"

"முழுசாப் போகல கண்ணு. விசில்தான் கேக்கல. கீச்சுனு வர்ற சத்தமெல்லாம் கேக்கல. மத்ததெல்லாம் கேக்குது."

"அங்க விசில்தானே எல்லாமே?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். கிரேனுக்கு வருவதற்கு முன்னால் பல வருஷம் அவர் பிரஸ்ஸில் நின்றவர். அப்போதே காதில் வைக்கிற அடைப்பான் கொடுத்தார்களாம். யாரும் வைக்க மாட்டார்களாம். கழுத்தில் தொங்கவிட்டிருப்பார்களாம். சேஃப்டி ஆபீசர் வருகிறபோது மட்டும் காதில் ஏறும்.

"தகடு சரியா உக்காந்துச்சா, இல்லையான்னு சத்தத்துலதான் தெரியும். காத அடச்சிக்கிட்டா கண்ணக் கட்டிக்கிட்ட மாதிரி. அடைக்காம சத்தத்த வெச்சே வேல பாக்கறவன்தான் அங்க நல்ல ஆபரேட்டரு. நானு நல்ல ஆபரேட்டரு" என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இன்னும் கொஞ்சம் பெருமை இருந்தது. அதைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

"வருஷா வருஷம் காது டெஸ்ட் எடுக்கறாங்கல்ல?"

"எடுக்கறாங்க. ஹெட்ஃபோன மாட்டிவிட்டு, சத்தம் வந்தா கைய தூக்குன்னு சொல்லும் அந்தப் பொண்ணு. அது பட்டன அமுக்கறப்ப தோளு லேசா அசையும். அசஞ்சா நான் கைய தூக்கிடுவேன்." சிரித்தார். "நார்மல்னு எழுதிக் குடுத்துட்டுப் போயிடும். பாவம்."

"நாளைக்கு விமல் அண்ணா அங்க இல்ல. தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"ஒடிசாக்காரரு நிக்கறாராம். அவருக்கு விசிலத் தவிர ஒண்ணுமே தெரியாதாம்."

"நான் பாத்துக்கறேன்."

"எப்படிப்பா பாப்ப? டை மறைக்குதே!"

"பாத்துக்கறேன்னு சொல்றேன்ல!" என்று கத்தினார். அப்பா என்னிடம் கத்தியதே இல்லை. கத்திய பிறகு தன் குரல் எவ்வளவு சத்தம் என்று தெரியாதவர் மாதிரி வாசலைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "கிரேன விட்டா என்னை அங்க ஒரு வேலைக்கும் வெக்க மாட்டாங்க. காண்ட்ராக்ட் ஆளு நான். எனக்குக் காலு நல்லாருக்கு, கை நல்லாருக்கு. இத ஒண்ண வெச்சு வெளிய தள்ளிருவாங்க. நீ சோறு போடு" என்றார்.

கருகாத சோறாகப் பார்த்து மேலாக எடுத்துப் போட்டேன். இரண்டு பேரும் சாப்பிட்டோம். பாயை விரித்துப் படுத்தபோது அப்பா, "காலைல ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்டு. தோளத் தொட்டு எழுப்பு. உங்கம்மா அப்டித்தான் எழுப்புவா. அலாரம் எனக்கு ஆகாது" என்றார்.

இன்றைக்குக் காலையிலும் நான்தான் எழுப்பினேன். "கண்ணு, பேரச் சொல்லிக் கூப்பிட்டா எழுந்திரிக்க மாட்டேன், அசதி, தொட்டு எழுப்பு" என்று சொல்லியிருந்தார். எழுப்பினேன்.

"எழுப்ப மாட்டேன்" என்றேன்.

அவர் என் உதட்டைப் பார்த்தார். "என்னா?"

"நான் எழுப்ப மாட்டேன்ப்பா. நீ போகாத. அந்தாளுக்கு ஏதாச்சும் ஆனா?"

"பைத்தியமாடி உனக்கு? சொல்லாம லீவு போட்டா அதோட முடிஞ்சுது."

"வேல போனா போகட்டும்."

ரொம்ப நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. பாயைச் சுருட்டி ஓரமாக வைத்தார். சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டார்.

"சரி. நீ தூங்கு. நான் முழிச்சிருந்து போய்க்கறேன்" என்றார்.

இப்படிச் செய்வார் என்று நான் நினைக்கவே இல்லை. நாள் முழுக்க நின்ற மனுஷன். தலை தொங்கும், உலுக்கிக்கொண்டு நிமிர்வார். எழுந்துபோய் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு வருவார். மறுபடி தலை தொங்கும். விளக்கை அணைக்கவிடவில்லை. காது கேட்காத ஆள், ராத்திரி முழுக்கத் தூங்காமல், காலையில் அந்தக் கிரேனைப் பிடிக்கப்போகிறார். நான் பேசி வைத்ததில் அதுதான் மிச்சம்.

பின்பக்கம் துணி துவைக்கிற கல்லுக்குப் போய் அம்மாவுக்கு போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன். அம்மா குறுக்கே பேசவில்லை. அதிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியாம இருக்குமா? பக்கத்துல படுக்கறவ நான்."

"அப்புறம் எதுக்கும்மா தெனமும் அவர்கிட்ட அவ்ளோ பேசின?"

"அவருக்கு யாராச்சும் பக்கத்துல உக்காந்து வாயசச்சிட்டு இருந்தா நிம்மதிடி. கேக்கணும்னு இல்ல." அம்மா அழுகிறாளா என்று தெரியவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் யாரோ கடந்துபோகிற சத்தம் கேட்டது. "இத பாரு. பெரிய மனுஷி மாதிரி நியாயம் பேசாத. அவரத் தூங்க வெய்யி. காலைல எழுப்பி அனுப்பு. வந்து நான் பேசிக்கறேன்."

"அந்த ஒடிசாக்காரரு?"

"அவர அவங்க சாமி பாத்துக்கும்" என்று சொல்லிவிட்டு அம்மா உடனே, "அப்படிச் சொல்லக் கூடாது, சொல்லக் கூடாது" என்றாள். பிறகு போனை வைத்துவிட்டாள்.

உள்ளே வந்தால் அப்பா நின்றுகொண்டிருந்தார். உட்கார்ந்தால் தூக்கம் வருகிறதாம். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார், கண் இரண்டும் சிவந்து. அவர் முன்னால் போய் நின்று, உதடு தெரிகிற மாதிரி சொன்னேன்.

"படுப்பா. நான் எழுப்பறேன்."

"நெஜமாவா?"

"நெஜமா."

"எம்மேல சத்தியமா?"

தலையை ஆட்டினேன். அவருக்கு அது போதுமாக இருந்தது. பாயை விரிக்கக்கூட இல்லை, அப்படியே தரையில் சரிந்து என் தட்டை வைத்திருந்த இடத்திலேயே தூங்கிப்போனார். தோள் இறங்கியது. நெற்றி நேரானது. இந்த வாரம் சாயங்காலமெல்லாம் நான் பேசிப் பேசி வரவழைத்த முகம் இப்போது ஒரு பொய்க்கு வந்துவிட்டது.

விளக்கை அணைத்துவிட்டு விமல் அண்ணாவுக்கு மெசேஜ் போட்டேன். ‘நாளைக்கு அப்பா வர மாட்டார்.’ அவரும் தூங்கவில்லைபோல. உடனே பதில் வந்தது.

‘சரி. நாளன்னைக்கு?’

அதற்கு நான் என்ன பதில் போடுவது? நாளைக்குக் கிரேனை வேறு யாராவது பிடிப்பார்கள், அந்த ஒடிசாக்காரர் சாயங்காலம் கையும் காலுமாக ரூமுக்குப் போய்ச் சேருவார். அவருக்கு என்னைத் தெரியப்போவதில்லை. ஆனால் அப்பா விடிந்ததும் கண்ணைத் திறந்து வெளிச்சத்தைப் பார்ப்பார். என்னைப் பார்ப்பார். அவர் அழுதால் என்ன செய்வேன் என்று தெரியவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு ஓடிப்போய் ஏதாவது லாரியை நிறுத்தி ஏறினாலும் ஏறுவார். ஏறினால் சேஃப்டி ஆபீசரிடம் நானே போய்ச் சொல்ல வேண்டும். என் வாயால் சொல்லி என் அப்பாவை வெளியே தள்ள வேண்டும். அது என்னால் முடியுமா என்று இன்னும் தெரியவில்லை. இப்போதைக்கு எழுப்பாமல் இருக்க மட்டும்தான் என்னால் முடியும்.

கொஞ்சம் முன்னால் மெயின் ரோட்டில் கம்பெனி பஸ் வந்து நின்றது. எங்கள் தெரு ஆள்கள் பேசிக்கொண்டே போவது கேட்டது. இன்ஜின் சத்தத்துக்கு அப்பா அசைந்தார். கண் திறக்காமலே, "கண்ணு, டைம் ஆச்சா?" என்றார்.

இருட்டில் என் உதடு அவருக்குத் தெரியாது. அவர் நெஞ்சில் கையை வைத்து, இன்னும் இல்லை என்பது மாதிரி மெதுவாகத் தட்டிக்கொடுத்தேன். குழந்தையைத் தட்டுகிற மாதிரி. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்தார். பஸ் கிளம்பிப் போய்விட்டது.